மூக்கக்காவின் இருபத்தெட்டு அடி

கம்பளி ஆலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த பிறகும், காலையில் முதல் பொதியைப் பிரிக்கும்போது மூக்கக்காவுக்குக் குமட்டும். சேர்ந்த புதிதில் ஒரு மாதத்தில் பழகிவிடும் என்றார்கள். பிறகு ஒரு வருஷம் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். குமட்டல் மட்டும் போகவில்லை.

கம்பளி என்றதும் வெளியாட்கள் வெள்ளையாக, புசுபுசுவென்று எதையோ நினைத்துக்கொள்கிறார்கள். தரம் பிரிக்கும் கூடத்துக்கு வருவது ஆட்டின் உடம்பிலிருந்து வெட்டிய கோலத்திலேயே இருக்கும் ரோமம். வால் பக்கத்தில் சாணி காய்ந்து கொத்துக்கொத்தாகத் தொங்கும். வயிற்றுப் பக்கம் மூத்திரம் ஊறி மஞ்சளாகக் கட்டி தட்டியிருக்கும். உண்ணிகள் செத்தும் பிடியை விடாமல் இருக்கும். கத்தரி தவறிய இடங்களில் தோல் துண்டும் காய்ந்த ரத்தமும். பொதி மழையில் நனைந்திருந்தால் நடுவில் புழு நெளியும். இவை எல்லாவற்றின் மீதும் ஒரு பிசுக்கு. எந்த சோப்புக்கும் அது மசியாது. மூன்று முறை கை கழுவிவிட்டு உட்கார்ந்தாலும் முதல் வாய்ச் சாப்பாட்டோடு ஒரு ஆடும் கூடவே உள்ளே போகும்.

கையுறை போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். போட முடியாது. இழை மெல்லிசா முரடா என்பது விரல் நுனிக்குத்தான் தெரியும். கம்பி வலை அடித்த மேசையில் ரோமத்தை விரித்து, தோள்பட்டை ஒரு கூடை, விலா ஒரு கூடை, தொடை ஒரு கூடை என்று பிய்த்துப் போட வேண்டும். சாணியும் மண்ணும் வலை வழியாகக் காலடியில் கொட்டிக்கொண்டே இருக்கும். நனைந்த பொதியைப் பிரிக்காமலே, நாலடி தள்ளி நின்று முகர்ந்து சொல்லிவிடுவதால் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. புருஷன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவன் மேல் டீசல் நாற்றம், இவள் மேல் ஆட்டு நாற்றம். ஒருவரை ஒருவர் குறை சொல்ல வழியில்லாததால் குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் ஓடியது.

எதிர் மேசையில் வேலை பார்ப்பவளை ரேடியோ என்பார்கள். கை வேலை செய்யும் நேரமெல்லாம் வாயும் வேலை செய்யும். மாமியார், மருமகள், மூட்டுவலி, பக்கத்து வீட்டு நாய் என்று நிகழ்ச்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். அணைக்கத்தான் முடியாது. ரேடியோ மீது ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் இருந்தன. இரண்டும் ஒரே குற்றத்துக்காக.

அந்த ஆலையில் மன்னிப்பே இல்லாத குற்றம் அது ஒன்றுதான்: கம்பளியில் பிளாஸ்டிக் நூலை விட்டுவிடுவது. பொதி கட்டி வரும் சாக்கிலிருந்து ஒரு பிசிறு உள்ளே போனால் போதும். கம்பளியைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் மெஷினின் முள் உருளைகள் அதைத் தலைமுடியை விட மெல்லிசாகக் கிழித்துக் குவியல் முழுக்கப் பரப்பிவிடும். யார் கண்ணுக்கும் படாது. நூலாகி, துணியாகி, சாயத்தில் முக்கி எடுத்த பிறகுதான் தெரியும். சாயம் ஏறாமல் துணி நெடுகக் கீறல் கீறலாக நிற்கும். ஒவ்வொரு குவியலோடும் ஒரு அட்டை போகும். அதில் பிரித்தவரின் எண் இருக்கும். மூன்றாவது முறை அந்த எண் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சனிக்கிழமைகளில் குடும்பங்களை அழைத்து ஆலையைச் சுற்றிக்காட்டலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, பேசத் தெரிந்த தொழிலாளி ஒருவர் வழிகாட்டியாகத் தேவைப்பட்டார். மூக்கக்கா தானே போய்க் கேட்டாள். தொழில் மேல் பிடிப்பு, நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசை என்றெல்லாம் நேர்காணலில் சொன்னாள். உண்மையில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மிச்சமிருக்கும் காலத்தில் சுத்தமான கையால் சாப்பிட வேண்டும். மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். நான்காவது சனிக்கிழமை பரீட்சை. அன்று ஒரு கூட்டத்தைக் குறையில்லாமல் சுற்றிக்காட்டிவிட்டால் வேலை நிரந்தரம்.

உதவி மேலாளர் கொடுத்த தாளை அவள் மனப்பாடம் செய்திருந்தாள். அதன் முதல் வரி, "எங்கள் ஆலைக்குள் கம்பளி ஒரு வெண்மேகம் போல நுழைகிறது." அதைப் படித்த அன்று ரேடியோ சிரித்துச் சிரித்து மேசையைப் பிடித்துக்கொண்டாள். எந்த மேகம் புழுக்கை போடுகிறது என்று கேட்டாள். மூக்கக்காவுக்கும் அந்த வரி வாய்க்குள் அழுகிய பழம்போலத்தான் இருந்தது. ஆனாலும் விழுங்கிக்கொண்டாள். தரம் பிரிக்கும் கூடத்தின் கதவைப் பார்வையாளர் வரும் நாட்களில் வெளியே தாழ் போட்டுவிட வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் அவள் அண்ணனும் வந்தான். வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பதிவேட்டு எழுத்தர். தங்கை மில்லில் தர ஆய்வாளர் என்று மனைவியிடம் கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வைத்திருந்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அத்தை வேலை பார்க்கும் மில்லைக் காட்டு என்று அண்ணியே கேட்டுக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். பெரியவளுக்கு ஒன்பது வயது. எதையும் தொட மாட்டாள், கேள்வி மட்டும் கேட்பாள். சின்னவனுக்கு ஆறு. கேட்கவே மாட்டான், எல்லாவற்றையும் தொடுவான். வேறு இரண்டு குடும்பங்களும் வந்திருந்தன. மொத்தம் பதினொரு பேர்.

வாசலில் அண்ணன் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, அண்ணி முன்னால் அந்தச் சாணி சமாச்சாரமெல்லாம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். கேட்கும்போதே ஒரு அடி பின்னால் தள்ளி நின்றான். அவள் அன்று விடியற்காலையிலிருந்து இரண்டு முறை தலைக்குக் குளித்திருந்தாள்.

உதவி மேலாளர் வந்தவர்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் விருந்தினர் என்று அச்சடித்த அட்டையை மாட்டிவிட்டார். அட்டை கோத்திருந்த கயிறு பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். சாக்கு கட்டும் பிளாஸ்டிக் கயிறு. முனையில் முடிச்சுப் போட்டிருந்தாலும் பிசிறு பிரிந்து தொங்கியது. மூக்கக்கா பார்த்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். பரீட்சை நாளிலேயே குறை சொல்கிறவள் என்று பெயர் வாங்க வேண்டாமே என்று மூடிக்கொண்டாள். ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாததா.

வெண்மேக வரியைச் சொன்னாள். அண்ணி தலையாட்டிக் கேட்டாள். பெரியவள் மட்டும், அப்போ இந்த நாத்தம் எங்கேருந்து வருது என்று தாழ் போட்ட கதவைக் காட்டினாள். மூக்கக்காவுக்கு முகம் சூடானது. அது பழைய கிடங்கு என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் ரேடியோவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

கழுவும் கூடத்தைக் கண்ணாடி வழியாகக் காட்டினாள். வரிசையாக நாலு தொட்டிகள். முதல் தொட்டித் தண்ணீர் சாக்கடை நிறத்தில் இருக்கும் என்பதால் கடைசித் தொட்டியின் முன்னால்தான் நிற்க வேண்டும் என்று தாள் சொன்னது. அங்கே நின்றாள். பிறகு உலர்ந்த கம்பளி குவித்திருக்கும் அறை. இங்கே குழந்தைகள் ஆளுக்கொரு கைப்பிடி கம்பளியை எடுத்து, கார்டிங் மெஷினுக்குத் தீனி கொண்டுபோகும் பட்டையில் போடலாம். பெற்றோர்கள் படம் எடுத்துக்கொள்ளலாம். சின்னவன் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். அண்ணி ஐந்தாறு படம் எடுத்தாள். பட்டை மெல்ல நகர்ந்து, கம்பளி பெரிய பெட்டிக்குள் போய் விழுந்தது. முள் உருளைகள் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தன; பெட்டி நிறைந்த பிறகுதான் கம்பளியை இழுக்கத் தொடங்கும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

அறையை விட்டு வெளியே வரும்போது சின்னவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் குனிந்தாள்.

"அத்தை, நான் ஆட்டுக்கு வால் வச்சேன்."

"என்ன வால்?"

அவன் கழுத்தைக் காட்டினான். அட்டையும் இல்லை, கயிறும் இல்லை. அட்டை சட்டைப் பையில் இருந்தது. கயிற்றை வழியெல்லாம் பிரித்துப் பிரித்து இழையாக்கி, ஆறு இழையையும் கம்பளிக்குள் சுருட்டிப் போட்டிருந்தான். வெள்ளையாக மட்டும் இருந்ததால் ஆடு மாதிரியே இல்லையாம்.

மூக்கக்கா நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். அந்தக் குவியலின் அட்டை அறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மூன்று வாரமாகப் பயிற்சியில் இருந்ததால் அதில் ஒரே எண்தான். ரேடியோவின் எண்.

அண்ணனுக்கும் காதில் விழுந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தவன், என்ன ஆகும் என்று கேட்டான். மெஷினை நிறுத்த வேண்டும் என்றாள். எல்லோருக்கும் தெரிந்துவிடுமா என்று கேட்டான். தெரியும் என்றாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "நூல்தானேம்மா. இவ்வளவு பெரிய மில்லுல யாரு பார்க்கப் போறாங்க. உனக்கும் இன்னைக்கு முக்கியமான நாள்னு சொன்ன. உங்க அண்ணி முன்னால மானத்த வாங்காத. நட."

அவள் நடந்தாள்.

இதை எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் வேறு மாதிரிச் சொல்ல முடியாது. அவள் நடந்தாள். நூற்கும் கூடத்தை நோக்கிக் கூட்டத்துக்கு முன்னால் நடந்து, இடதுபுறம் நீங்கள் பார்ப்பது என்று தாளில் இருந்த அடுத்த பத்தியைத் தொடங்கினாள். குரல் நடுங்கக்கூட இல்லை. அதுதான் அவளை நிறுத்தியது. பொய் சொல்லும்போது தன் குரல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று காதில் விழுந்தது. முதல் பொதியைப் பிரிக்கும்போது வரும் அதே குமட்டல் தொண்டைக்கு வந்தது. எதிரே பொதி எதுவும் இல்லை, சோப்பு வாசனை அடிக்கும் தன் உடம்புதான் இருந்தது. பத்தியைப் பாதியில் விட்டாள். திரும்பி ஓடி, கார்டிங் மெஷினுக்கு மேலே நீள ஓடும், மெஷினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

மெஷின் நின்றதும் அந்தக் கட்டிடமே காது கேளாததுபோல் ஆனது. கார்டிங்காரர் ஓடி வந்தார். பின்னாலேயே உதவி மேலாளர். பெட்டிக்குள் பிளாஸ்டிக் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். கார்டிங்காரர் தோள் வரை கையை விட்டுத் துழாவி, ஆரஞ்சு இழை ஒன்றை வெளியே எடுத்தார்.

உதவி மேலாளர் அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு பார்வையாளர்களைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பை எங்கிருந்துதான் எடுத்தாரோ.

"கவலைப்படாதீங்க. தரம் பிரிக்கிற இடத்துல சில நேரம் சாக்கு நூலக் கவனிக்காம விட்டுடுவாங்க. அதக் கண்டுபிடிக்கத்தான் இவங்கள மாதிரி அனுபவசாலிங்க இருக்காங்க. எல்லாரும் ஒரு கை தட்டுங்க."

தட்டினார்கள். அண்ணிதான் சத்தமாகத் தட்டினாள், நாத்தனார் தர ஆய்வாளராயிற்றே. உதவி மேலாளர் சுவரில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டு, இந்த எண்காரரைக் கூப்பிடு என்றார்.

தாழைத் திறந்து ரேடியோவை அழைத்து வந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த தோல் துணி பிசுக்கேறிக் கறுத்திருந்தது. முழங்கை வரை மஞ்சள். செருப்பில் சாணி. தலைமுடியில் எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. அண்ணி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, பெரியவளின் மூக்கையும் மூடினாள். ரேடியோ எல்லோர் முகத்தையும் பார்த்தாள், இழையைப் பார்த்தாள், மூக்கக்காவைப் பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் முறையாக அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"நான்தான்..." என்று சின்னவன் ஆரம்பித்தான்.

அண்ணன் அவன் வாயைப் பொத்தினான். அடிக்கவில்லை, அதட்டவில்லை. பிள்ளைக்கு மூக்கு ஒழுகுவதைத் துடைப்பதுபோல இயல்பாக, உள்ளங்கையை வைத்து மூடினான். முகத்தில் ஒரு புன்னகையும் வைத்திருந்தான். பையனின் கண்கள் மட்டும் அந்தக் கைக்கு மேலே உருண்டுகொண்டிருந்தன. அந்தக் கை சுத்தமான கை. நகம் வெட்டிய, கோப்பு தவிர எதையும் தொடாத கை. மூக்கக்கா புழு நெளியும் பொதிகளைப் பிரித்திருக்கிறாள். இவ்வளவு அருவருப்பாக ஒன்றைப் பார்த்ததில்லை.

"சார், அது சாக்கு நூல் இல்ல," என்றாள். "நீங்க மாட்டிவிட்ட அட்டையோட கயிறு. பிரிச்சுப் போட்டது என் அண்ணன் பையன். ஆறு வயசு, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் உள்ள வரக்கூடாதுன்னு வாசல்ல போர்டு இருக்கு. அதுக்குக் கீழ நின்னுதான் மாட்டிவிட்டீங்க. நானும் பார்த்துட்டு வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

எல்லோரும் குனிந்து தங்கள் நெஞ்சைப் பார்த்தார்கள். பத்துக் கழுத்தில் பத்து ஆரஞ்சுக் கயிறு. ஒருவர் அவசரமாகக் கழற்றப் போக, கார்டிங்காரர், இங்க வேணாம், வெளிய போயிக் கழட்டுங்க என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பட்டையை மறித்தார்.

அதோடு சுற்றுலா முடிந்தது. உதவி மேலாளரின் கழுத்து சிவந்திருந்தது. வழிகாட்டி வேலை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பெட்டியைக் காலி செய்து கையால் தேடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் அண்ணி அவள் முகத்தைப் பார்க்காமல் அண்ணனிடம்தான் பேசினாள். தர ஆய்வாளர் என்றால் அந்த அறைக்குள் செய்கிற வேலையா என்று கேட்டாள்.  அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பினான்.

"சொந்தப் பிள்ளையை ஊர் முன்னால காட்டிக் கொடுத்துட்ட இல்ல."

"அவன் தானேதான் சொல்ல வந்தான், அண்ணா."

"சின்னப் பிள்ளை ஆயிரம் சொல்லும்."

 மூக்கக்கா வீட்டில் சமைத்து வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். ஆனால் வாய் வரவில்லை. அந்தக் கை தன் வீட்டுத் தட்டில் படுவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சின்னவன் மட்டும் வால் கிடைத்ததா என்று கேட்டான். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றாள். அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

உள்ளே கார்டிங்காரர் பெட்டியைக் காலி செய்திருந்தார். கம்பளியைத் தரம் பிரிக்கும் கூடத்து மேசைகளுக்குக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள். மூக்கக்காவும் ரேடியோவும் எதிரெதிரே உட்கார்ந்து, கைப்பிடி கைப்பிடியாகப் பிய்த்துப் பார்த்தார்கள். கழுவிய கம்பளிதான். ஆனால் அந்தக் கூடத்தின் காற்றில் கழுவியது கழுவாதது என்ற வித்தியாசம் கிடையாது. நெருங்கிக் குனிந்து தேடத் தேட மூக்கு முழுக்க வீச்சமும் சாணியுமாக அடைத்தது. ஐந்து இழைகள் கிடைத்தன. ஆறாவது கிடைக்கவில்லை.

ரேடியோவுக்குக் குரல் திரும்பிவிட்டிருந்தது. தண்ணீர் கொண்டுவந்தவனிடம் சொன்னாள், தறிக்காரனிடம் சொன்னாள், எட்டிப் பார்த்த காவலாளியிடமும் சொன்னாள். பையன் வாயிலிருந்து வார்த்தை விழுந்த கையோடு மூக்கக்கா கயிற்றைப் பிடித்து இழுத்தாளாம். அண்ணன் என்று பார்க்கவில்லையாம், ஒரு நொடி கூட யோசிக்கவில்லையாம். கேட்டவர்கள் எல்லோரும் மூக்கக்காவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவளுக்கு வாயில் பிசுக்கு ஊறியது. இடையில் ஒரு முறை எழுந்து போய், சின்னவன் சொன்ன இடத்திலிருந்து தான் திரும்பிய இடம் வரை காலால் அளந்துவிட்டு வந்தாள்.

நான்காவது ஆளிடம் ரேடியோ ஆரம்பித்தபோது குறுக்கே பேசினாள்.

"யோசிச்சேன்."

"என்னத்த?"

"இருபத்தெட்டு அடி நடந்தேன். உன் நம்பர்னு தெரிஞ்சுதான் நடந்தேன். அண்ணனுக்காகக்கூட இல்ல. இந்த நாத்தத்துக்குத் திரும்பி வரணுமேன்னுதான்."

கேட்டுக்கொண்டிருந்தவன் நழுவிவிட்டான். ரேடியோவின் கைகள் நின்றன.  வலைக்குக் கீழே எதுவோ உதிர்ந்து விழும் சத்தம் கேட்டது. ரேடியோ அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள், நனைந்த பொதியைப் பார்க்கிற பார்வை. மூக்கக்கா அந்தப் பார்வைக்குக் கீழே நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

"தூ," என்றாள் ரேடியோ.

பிறகு தன் முன்னால் இருந்த குவியலில் பாதியை இரண்டு முழங்கையாலும் அணைத்து எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

"இதையும் நீயே பாரு. ஒழுங்காப் பாரு. இன்னும் ஒண்ணு இருக்கு."